திருட்டு முழிக்கு ஒன்பது அடையாளம்

அத்தியாயம் 6

பகல் மூன்று மணிக்குத் துப்பறியும் நிபுணர் தசரதனுக்கு வந்த போனில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, ஜோதிமலை சூப்பர் மார்க்கெட்டில் பன்னிரண்டாவது குங்குமப்பூ டப்பாவும் காணாமல் போய்விட்டது. இரண்டு, நேற்று அவர் ‘இவள்தான் எடுக்கிறாள்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கஸ்தூரி என்ற பெண், காலையிலிருந்து அதே கடையின் குடோனில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறாள்.

இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய மூளை தேவையில்லை. திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறை ஆபீஸில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் தசரதனுக்கு வியர்த்தது.

“இன்னா சார், மூஞ்சில ஈயாடல?” என்றாள் உதவியாளர் ரூபீனா, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே.

“ஏம்மா, பூட்டுன குடோனுக்குள்ள இருந்துகினே ஒரு பொண்ணு கடைல திருட முடியுமா?”

“முடியும் சார். உங்க ரிப்போர்ட் கரெக்டா இருந்தா முடியும்.”

தசரதன் சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய சான்றிதழ் தொங்கியது. அதை அவரே சட்டம் போட்டு, அவரே ஆணியடித்து மாட்டியிருந்தார்.

அவரைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே நல்லது. இருபத்திரண்டு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். செத்துப்போனதாகச் சொல்லப்படும் மாடு நிஜமாகவே செத்திருக்கிறதா, அதன் காதில் கிடப்பது கம்பெனி போட்ட அதே வில்லைதானா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம். மாடுகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதால் அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் ‘உடல்மொழி’ படித்தார். நான்காம் நாள் மனிதர்களைப் படிக்கக் கிளம்பிவிட்டார்.

படித்ததையெல்லாம் சுருக்கி ஒரே தாளில் அச்சடித்தார். தலைப்பு: ‘திருட்டு முழிக்கு ஒன்பது அடையாளம்.’ கேமராவைப் பார்ப்பான், பிடரியைத் தடவுவான், காலை மாற்றி மாற்றி நிற்பான் என்று போகும் அந்தப் பட்டியல். ஒரு மாதத்துக்கு முன் வியாபாரிகள் கூட்டமொன்றில் அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி, நூற்றைம்பது பிரதி விநியோகித்து, பொன்னாடையும் வாங்கினார். அதைக் கேட்டு மயங்கித்தான் ஜோதிமலை முதலாளி கோபி அவரைக் கூப்பிட்டது. நேற்று இரண்டு மணி நேரம் கேமராப் படத்தைப் பார்த்தார். உலர்பழ அடுக்கில் நிற்கும் விற்பனைப் பெண் கஸ்தூரியிடம் ஒன்பதில் ஏழு அடையாளம் இருந்தது. ஆனந்தத்தில் அவருக்குக் கையெழுத்துகூடக் கோணலாகத்தான் விழுந்தது.

“வண்டிய எடு ரூபீனா.”

“பௌர்ணமி சார் இன்னிக்கி. வண்டி எங்க போவும்? நாமதான் நடுவுல புகுந்து போவணும்.”

*

கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து, மூன்று ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோபி கல்லாவில் இருந்தார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, மேஜை மேல் விபூதித் தட்டு. தட்டுக்குப் பக்கத்தில் தசரதனின் ரிப்போர்ட்.

“காலைல தொறக்கும்போது எண்ணி வெச்சேன் சார். இப்ப ஒண்ணு கம்மி. இவளுக்கு வெளிய கூட்டாளி இருக்கான்.”

“அவங்களே எடுக்கலனா?” என்றார் தசரதன் மெதுவாக.

“அதெப்படி? நீங்கதானே ஏழு போட்டீங்க?” கோபி ரிப்போர்ட்டைத் தட்டினார். “எஸ்.ஐ.கிட்ட சொல்லிட்டேன். பந்தோபஸ்து டூட்டி மாறி அஞ்சு மணிக்கு வந்து கூட்டினு போறேன்னாரு.”

மணி மூன்றரை.

குடோன் கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார் தசரதன். நேற்று திரையில் விரல் நீளத்துக்குத் தெரிந்த பெண், இன்று முழு அளவில் இருந்தாள். அழுது முடித்த முகம்.

“நான் எடுக்கல சார். அஞ்சு மணிக்கு ஜீப்புல ஏத்தினா, ஏழு மணிக்குள்ள எங்க ஊரு கீழ்பென்னாத்தூர் பூரா தெரிஞ்சிடும். எங்கப்பா நாளைக்கு டீக்கடைக்குக்கூடப் போவ மாட்டாரு. அப்பறம் நான் எடுக்கலனு வீடு வீடா போய்ச் சொல்ல முடியுமா?”

“உன்ன வெளிய கொண்டாந்துடறேம்மா.”

“உள்ள வெச்சதும் நீங்கதான்னு மொதலாளி சொன்னாரு” என்றாள் கஸ்தூரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தசரதனுக்குச் சுருக்கென்று தைத்தது.

*

நிபுணர் என்று பெயர் வாங்கிவிட்டால் தெரிந்ததையே மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. தசரதன் தன் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, குங்குமப்பூ இருக்கும் மூன்றாவது வரிசையில் திருட்டு முழியைத் தேடி நின்றார்.

பத்து நிமிடத்தில் ஒரு பெண்மணி சிக்கினாள். குதிகால் தரையில் படாமல், சுவரோரமாகப் பூனை போல நடந்தாள். ஆறாவது அடையாளம்: பதுங்கி நடப்பார்கள். தசரதன் பாய்ந்து போய் வழியை மறித்தார்.

“ஏம்மா இப்படி நடக்கறீங்க?”

“பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல சுத்திட்டு வந்திருக்கேன். கொப்புளம். வேற எப்படி நடக்கச் சொல்ற?” என்றாள் அவள். கூடவே அவரது வளர்ப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னாள்.

அடுத்து ஒரு பெரியவர். சட்டைக்குள் வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது, அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காவது அடையாளம். விசாரித்தால், கூட்டத்தில் ஜேப்படிக்குப் பயந்து இடுப்பில் கட்டிய பணப்பை. தசரதன் கேட்டதும் அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “திருடன், திருடன்” என்று கத்தினார். கோபி ஓடிவந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

“போதும் சார்” என்றாள் ரூபீனா. செல்போனை நீட்டினாள். “இத கொஞ்சம் பாருங்க.”

திரையில் ஓர் ஆள். பிடரியைத் தடவுகிறான். கேமராவை நிமிர்ந்து பார்க்கிறான். பாக்கெட்டுக்குள் கையை விட்டு விட்டு எடுக்கிறான். ஒரே அடுக்குக்கு மூன்று தடவை வருகிறான், ஒன்றும் வாங்கவில்லை. வேர்த்து வழிகிறது.

“புடிச்சிட்டியா! யாரு இவன்?” என்றவர், அடுத்த நொடி அந்தச் சட்டையை அடையாளம் கண்டுகொண்டார். போன தீபாவளிக்கு அவர் மனைவி எடுத்துக் கொடுத்தது.

“ஒம்போதுக்கு எட்டு சார். கஸ்தூரிய விட ஒண்ணு ஜாஸ்தி. எஸ்.ஐ. வந்தா உங்களத்தான் மொதல்ல ஏத்தணும்.”

தசரதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப இந்த லிஸ்ட்டு வேஸ்டுன்றியா?”

“மனுஷனா பொறந்தவன் எவனா இருந்தாலும் ரெண்டு மூணு தேறும் சார். வேர்க்கும், அரிக்கும், கால் வலிக்கும். இத வெச்சிகினு திருடன புடிக்க முடியாது.”

சொல்லிவிட்டு அவளே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்தது.

“ஒண்ணுகூடத் தேறாதவன்?” என்றார் தசரதன்.

*

கல்லாவுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் காலை முதல் மூன்று மணி வரையிலான படத்தை ஓட்டினார்கள். குங்குமப்பூ அடுக்கின் பக்கம் நாற்பத்திரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ரூபீனா மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தாள். மூன்று, நான்கு, இரண்டு, ஐந்து. கைக்குழந்தைக்குக்கூட ஒன்று விழுந்தது, அது கேமராவையே பார்த்தது.

முப்பத்தொன்றாவது ஆளுக்கு அவள் பேனா எழுதவில்லை.

வெள்ளைச் சட்டை, நாற்பது வயது. நிமிர்ந்த நடை. கூடையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். கேமராவைப் பார்க்கவில்லை, பிடரியைத் தொடவில்லை. எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். குங்குமப்பூ அடுக்கின் முன் ஒரு நொடி நின்றான். பிறகு திரும்பி, இரண்டு கையையும் சேர்த்துப் பக்தியோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

“அட, இவர் நம்ம அறிவுமதி!” தசரதனுக்குப் பெருமை பொங்கியது. “கிரிவலப் பாதைல பாதாம் பால் கடை வெச்சிருக்காரு. என் கூட்டத்துல முன் வரிசை. நோட்டு போட்டு எழுதினாரு. எழுந்து சந்தேகம் கேட்ட ஒரே ஆளு இவர்தான். நல்ல ஸ்டூடண்ட்...”

‘ஸ்டூடண்ட்’ என்ற சொல் பாதியிலேயே தேய்ந்து நின்றது.

“நல்லாத்தான் படிச்சிருக்காரு” என்றாள் ரூபீனா. படத்தைப் பின்னால் ஓட்டினாள். “சார், இவர் எத கும்புடறாரு?”

“மலையத்தாம்மா. இந்த ஊர்ல இருந்துகினு வேற எத கும்புடுவாங்க?”

“எங்க வீட்ல கும்புடற வழக்கம் இல்ல சார். ஆனா நான் இந்த ஊர்ல பொறந்தவ. கண்ண கட்டி விட்டாலும் மலை எந்தப் பக்கம்னு சொல்லுவேன். இங்கருந்து மலை மேக்கால இருக்கு. இவர் கெழக்கால பாத்து நிக்கறாரு. அந்தப் பக்கம் ஃபினாயில்தான் அடுக்கி வெச்சிருக்கு.”

தசரதன் திரைக்கு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். கேமரா இருந்தது மேற்குச் சுவரில். மலையைப் பார்த்துக் கும்பிட்டால் கேமராவுக்கு முகம், மார்பு, கை எல்லாம் தெரியும். ஃபினாயிலைக் கும்பிட்டால் முதுகு மட்டும்தான் தெரியும்.

“இன்னொண்ணு சார். நீங்கல்லாம் கும்புட்டதும் கன்னத்துல போட்டுக்குவீங்களே, அப்ப முழங்கை மேல போவும். இவருக்கு முழங்கை கீழ எறங்குது. கை கன்னத்துக்குப் போவல. சட்டைப் பாக்கெட்டுக்குப் போவுது.”

ஒரு கிராம் குங்குமப்பூ டப்பா தட்டையானது, தீப்பெட்டியில் பாதி. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அது இருப்பதே தெரியாது. கூப்பிய கையைச் சந்தேகப்பட இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? பட்டியலிலேயே தசரதன் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: ‘திருடுபவர் கையை மறைப்பார். இரு கையும் வெளியே தெரிந்தால் அவர் யோக்கியர்.’

கோபியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தெனம் வர்ற கஸ்டமர் சார். கும்புடற மனுஷன போய் நான் திருடன்னு சொல்லிட்டு இந்தத் தெருவுல கடை நடத்த முடியுமா? முதுகு தெரியுது, வேற இன்னா தெரியுது? கையும் களவுமா புடிச்சிக் காட்டுங்க. பௌர்ணமினா நாலரைக்கு பேப்பர் கப் வாங்க வருவாரு.”

அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்ல மட்டும் ஒரு கோணல் கையெழுத்து போதுமாக இருந்தது. தசரதன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கையெழுத்து அவருடையது.

*

நாலு முப்பத்தைந்துக்கு அறிவுமதி வந்தான். வாசலிலேயே எல்லோருக்கும் புன்னகை. கூடையைத் தள்ளிப் பிடித்த அதே நிமிர்ந்த நடை.

திட்டம் தசரதனுடையது. ஃபினாயில் அடுக்குக்குப் பின்னால் அவர் ஒளிந்திருப்பார், கையில் கல்லா மேஜையின் விபூதித் தட்டு. அறிவுமதி கும்பிடும்போது எதிரே தோன்றிப் பிரசாதம் நீட்டுவார். பிரசாதத்தை வேண்டாம் என்று இந்த ஊரில் எவனும் சொல்ல மாட்டான். வாங்க வேண்டுமென்றால் கையை விரித்தாக வேண்டும். விரித்தால் டப்பா விழும். தன் வாழ்க்கையிலேயே இதைவிட நல்ல யோசனை தனக்கு வந்ததில்லை என்று தசரதன் நினைத்தார். அது உண்மையும்கூட.

அடுக்கின் இடுக்கு வழியாகப் பார்த்தார். அறிவுமதியின் கை குங்குமப்பூ அடுக்கைத் தொட்டது. திரும்பினான். இரண்டு கையும் சேர்ந்தன.

“அடடே, அறிவுமதி! கோயில்லருந்து நேரா வரேன். இந்தாங்க, பிரசாதம்!”

அறிவுமதியின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கூப்பிய கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பணிவாகத் தலை குனிந்தான்.

“பெரியவங்க, நீங்களே பூசி விடுங்க சார்.”

தசரதன் அசந்துபோனார். வகுப்பில் பரிசு என்று ஒன்று வைத்திருந்தால் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பார். திட்டத்தில் இதற்கு அடுத்த வரி இல்லை. அடுக்கின் கோடியிலிருந்து ரூபீனா அவரைப் பார்த்தாள், கோபி ரூபீனாவைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது.

வேறு வழியின்றி விபூதியை அள்ளினார். சிட்டிகை எடுக்க வேண்டிய இடத்தில் பதற்றத்தில் கைப்பிடி வந்துவிட்டது. அடுத்தவருக்குப் பூசும்போது கண்ணில் விழாமல் ஒரு கையால் அணை கொடுப்பார்கள். அந்தக் கையில்தான் தட்டு இருந்ததே! பூசிய மாத்திரத்தில் மொத்தச் சாம்பலும் அறிவுமதியின் இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கியது.

“ஐயோ, கண்ணு!”

இரண்டு கையும் கண்ணுக்குப் பறந்தன. டக்கென்று ஒரு சத்தம். குங்குமப்பூ டப்பா தரையில் வழுக்கிக்கொண்டு வந்து தசரதனின் செருப்பில் இடித்து நின்றது.

கோபி ஓடிவந்து அதைப் பொறுக்கினார்.

“சார், அது திட்டமா, விபத்தா?” என்று காதருகே கேட்டாள் ரூபீனா.

“திட்டம்.”

“சரி சார்.”

*

குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டே அறிவுமதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். குங்குமப்பூ போட்ட பாதாம் பாலுக்குக் கிராக்கி. அடுத்த கடைக்காரன் போடுகிறான், இவனும் போட்டாக வேண்டும்.

“உங்க மேல கோவம் இல்ல சார்” என்றான் சிவந்த கண்ணோடு. “முன்னல்லாம் எடுக்கணும்னு தோணும். கை நடுங்கும், வேர்க்கும், வெச்சிட்டு வந்துடுவேன். உங்க பேப்பர்ல ஒம்போதும் வரிசையா போட்டிருந்தீங்களே, கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொண்ணா விட்டுப் பழகினேன். அப்பறம்தான் தைரியமே வந்துச்சு.”

“அந்தக் கும்பிடு?” என்றார் தசரதன். “அது என் லிஸ்ட்ல இல்லியே.”

“அது மட்டும் என் சொந்தச் சரக்கு சார்.”

முதல் டப்பா காணாமல் போனது தன் கூட்டத்துக்கு மறுநாள் என்பதைத் தசரதன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். திருவண்ணாமலையில் திருடர்களைப் பிடிப்பதற்காக அவர் நடத்திய ஒரே வகுப்பில், இதுவரை தேறியிருப்பது ஒரு திருடன்.

“மீதி நூத்து நாப்பத்தொம்போது பேப்பர் யார்கிட்ட சார் இருக்கு?” என்று கேட்டாள் ரூபீனா. அவர் கேட்காத மாதிரி குடோன் பக்கம் நடந்தார்.

*

மணி நாலு ஐம்பத்தைந்து. கோபி எஸ்.ஐ.க்குப் போன் போட்டு ஆள் மாறிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தசரதனே பூட்டைத் திறந்தார். உள்ளே போய்க் கஸ்தூரியின் முன் நின்றார்.

“மன்னிச்சுக்கம்மா. தப்பு என்னுது. ஆளு கெடைச்சிட்டான், எல்லாரும் பாக்கக் கெடைச்சான். உன் பேர்ல இனிமே ஒண்ணும் இல்ல.”

கஸ்தூரி கண்ணை மூடித் திறந்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நேத்து அடிக்கடி கேமராவ எதுக்குப் பாத்த?”

“மொதலாளி பாக்கறாரானுதான் சார்.”

“ஏன்?”

“அவர் பாக்கலனா அரிசி மூட்டை மேல ரெண்டு நிமிஷம் உக்காருவேன். காலைல ஒம்போதுக்கு நின்னா ராத்திரி ஏழு வரைக்கும் நிக்கணும். உக்காந்தா ஆளு விட்டுத் திட்டுவாரு.”

“கால மாத்தி மாத்தி வெச்சது?”

“வலிக்கும் சார்.”

“அடுக்குக்குப் பின்னால போய்ப் போய் மறைஞ்சியே?”

“சாஞ்சிக்கதான்.”

ஏப்ரனுக்குள் கையை விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டது, பிடரியைத் தடவியது, வாசலையே பார்த்தது, மணியைப் பார்த்தது. ஏழுக்கும் ஏழு பதில் வந்தது. எல்லாம் ஒரே பதில்தான். இன்சூரன்ஸ் வேலையில் ஒரு மாடு காலை மாற்றி மாற்றி வைத்தால், அதற்குக் கால் வலி என்று தசரதன் ஒரு நொடியில் எழுதியிருப்பார். அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் கோபி வாசலில் வந்து நின்றார். முகத்தில் அசடு வழிந்தது.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. மனசுல வெச்சிக்காதம்மா. நாளைக்கு எப்பவும்போல வந்துடு.”

கஸ்தூரி எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா இங்க வேலை செய்யறேன் சார். இன்னிக்குத்தான் உக்கார நாற்காலி குடுத்தீங்க. திருடினு சொன்னப்பறம்.”

கோபி தரையைப் பார்த்தார்.

தசரதன் குனிந்து அந்த நாற்காலியைத் தூக்கினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடைக்குள் நடந்துபோய், உலர்பழ அடுக்குக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் போட்டார். அங்கங்கே நின்றிருந்த மற்ற விற்பனைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கோபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாடிக்கையாளர்களும் பார்ப்பதைக் கண்டு விழுங்கிக்கொண்டார்.

கஸ்தூரி பின்னாலேயே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை. கோபியை நேருக்கு நேர் பார்த்தாள்.

“நாங்க ஆறு பேர் இருக்கோம் சார்” என்றாள்.